கல்முனை பஸ்ஸில் வந்த பெற்றோல் குழாய்

பாலத்துக்குச் சற்று முன்னால் வான் நின்றுவிட்டது.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம். பெரியகல்லாற்றில் எங்கள் வீட்டுக்கு இன்னும் கொஞ்சத் தூரம்தான். வெயில் சாய்கிற நேரம். வாவிப் பக்கமிருந்து சேற்று வாசத்தோடு காற்று உள்ளே வந்தது. திறப்பைத் திருப்பினேன். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினேன். அதே கதை.

பின்னால் மெத்தையில் படுத்திருந்த என் கணவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"நல்லதாப் போச்சு. இனி இந்த அலைச்சல் இல்ல."

எனக்கு வந்த கோபத்துக்கு வானை அப்படியே வாவிக்குள் தள்ளிவிட்டிருப்பேன். அவர் உள்ளே இருந்தபடியால் தள்ளவில்லை.

மெத்தை போட்ட வான்

போன கிழமை நான் வான் ஓட்டப் பழகிய கதையை எழுதியிருந்தேன். அதைப் படிக்காதவர்களுக்காக இரண்டு வார்த்தை. என் கணவர் தேவராசா ஆயுள் முழுக்க வான் ஹயர் ஓடியவர். கல்யாணம், கதிர்காமம், விமான நிலையம் என்று ஓடாத ஓட்டம் இல்லை. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு ஸ்டியரிங் என் கைக்கு வந்தது. தபாற் கந்தோரில் முத்திரை குத்திய கையால் கியர் போடப் பழகினேன்.

செவ்வாயும் வெள்ளியும் மட்டக்களப்புக்குப் போய் இரத்தம் கழுவ வேண்டும். கழுவி முடித்தால் மனிதர் பிழிந்த துணி மாதிரி ஆகிவிடுவார். பஸ்ஸில் இருக்க முடியாது. ஓட்டோவின் குலுக்கலில் வழி முழுக்க வாந்தி. ஆகவே வானின் நடுச் சீற்றைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டோம். அதில் படுத்துக்கொண்டு, "பிரேக்க மெதுவா அமத்து", "பள்ளம் வருது, இடப்பக்கம் எடு" என்று வாயாலேயே ஓட்டுவார்.

வேறு வான் பிடிக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பிடிக்கலாம். ஏற வேண்டிய ஆள் ஏற வேண்டுமே. "பிறத்தியான்ட வானில வாந்தி எடுக்க ஏலா. அவன் வீட்ட போய் என்ன சொல்லுவான் எண்டு எனக்குத் தெரியும். நானும் சொன்னவன்தான்" என்பார்.

இன்னொன்றும் இருந்தது. சில மாதங்களாகவே அவர் சிகிச்சையை நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சண்டை பிடித்துச் சொன்னால் நானும் சண்டை பிடிப்பேன். இவர் சாந்தமாகச் சொன்னார். அதுதான் எனக்குப் பயம். டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நிறுத்தினால் அதிக நாள் தாங்காது என்று ஒளிக்காமல் சொல்லியிருந்தார். ஒரு முறை போகாமல் விட்டால் இவர் பிறகு ஒருபோதும் போகமாட்டார் என்பது எனக்குத் தெரியும். இவருக்குத் தேவைப்பட்டது ஒரு சாட்டு. வான் அதைத் தேடிக் கொடுத்துவிட்டது.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமைக்கு முன் வான் ஓட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

காது வைத்துப் பார்த்த வைத்தியம்

வைக்கோல் ஏற்றிவந்த ஒரு லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரக்காரர் கயிறு கட்டி எங்களை வீடுவரை இழுத்துக்கொண்டு வந்து விட்டார். ஹயர் ராசா தேவராசா, வைக்கோல் வண்டிக்குப் பின்னால் ஊர்கோலம் போனார். அந்த அவமானத்திலும் கயிறு தளர்வாகக் கிடக்கிறது என்று பின்னாலிருந்து சத்தம் போட்டார்.

அடுத்த நாள் காலையில் களுவாஞ்சிகுடியில் கராஜ் வைத்திருக்கும் யோகன் வந்தான். நல்ல வேலைக்காரன். வாயும் அதே அளவுக்கு வேலை செய்யும். சுவிச்சைப் போடச் சொல்லிவிட்டு, பெற்றோல் ஊற்றும் துவாரத்தில் காதை வைத்தான்.

"அக்கா, இதுக்குள்ள ஒரு பம்ப் இரிக்கி. சுவிச்சப் போட்டா வண்டு மாதிரி இரையோணும். ஒரு சத்தத்தையும் காணல்ல."

பிறகு வானுக்கு அடியில் படுத்து, மரக்கட்டையால் டாங்கியைத் தட்டினான். என்ன அதிசயம், எஞ்சின் பிடித்தது. நான் கைதட்டப் போனேன். அதற்குள் நின்றுவிட்டது.

"அது சாகப்போற நேரம் ஒருக்கா முழிச்சிப் பாக்கிறது. பம்ப் எரிஞ்சி போச்சி" என்றான். பிறகு எழுந்து உட்கார்ந்து என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "டாங்கியில எப்பவும் எவ்வளவு வச்சிருப்பீங்க?"

"மீட்டரில முள்ளு கீழதான் கிடக்கும்."

"அதுதான். பெற்றோலுக்குள்ள மூழ்கி இரிக்கிறதாலதான் அந்தப் பம்ப் சூடாகாம இரிக்கி. நீங்க வெறுந்தரையில போட்டு வறுத்திருக்கீங்க."

படுக்கைக்குக் கீழே பெற்றோல்

இந்த இடத்தில், நாட்டில் பெற்றோல் தட்டுப்பட்ட அந்த வரிசைக் காலத்தைச் சொல்லாமல் போக முடியாது. வாசிக்கிற நீங்களும் அதில் நின்றவர்கள்தானே. பெற்றோலுக்காக எண்ணெய் அடிக்கும் ஷெட் வாசலில் பாய் விரித்துப் படுத்தோம். சோறு கட்டிக்கொண்டு போனோம். வரிசையில் முன்னுக்கும் பின்னுக்கும் நின்றவர்கள் சம்பந்தி ஆகிற அளவுக்குப் பழகினார்கள்.

அப்போது எங்கள் பக்கத்தில் இரவில் டாங்கியில் குழாய் விட்டுப் பெற்றோல் உறிஞ்சும் கள்ளர் வந்தார்கள். ஆகவே இவர் பொழுது சாய்ந்ததும் தானே உறிஞ்சி எடுத்து பிளாஸ்டிக் கானில் ஊற்றிப் படுக்கைக்குக் கீழே வைத்துவிடுவார். காலையில் ஓட்டத்துக்குத் தேவையானதை மட்டும் திரும்ப ஊற்றுவார். வீடு முழுக்கப் பெற்றோல் வாசம். விளக்கு வைக்கக்கூடப் பயந்தேன்.

வரிசை போய்விட்டது. கள்ளரும் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். பழக்கம் மட்டும் போகவில்லை. டாங்கியில் நிறையப் பெற்றோல் கிடந்தால் இவருக்கு நித்திரை வராது. வான் என் கைக்கு வந்தபோது அந்தப் பழக்கமும் சேர்ந்தே வந்தது. கொஞ்சம் அடிப்பது, ஓடி முடிப்பது, மறுபடி கொஞ்சம் அடிப்பது. இந்தத் தீவில் எத்தனை வான்களின் பம்ப் இப்படி வறுபட்டுச் செத்திருக்கும் என்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

தண்ணீர்ப் பேசினில் பாடிய பம்ப்

யோகன் டாங்கியை இறக்கி எரிந்த பம்பைக் கழற்றியதும், அதை எடுத்துக்கொண்டு அவனுடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிக் காத்தான்குடிக்குப் போனேன். அங்கே பிரதான வீதியில் மர்சூக் ஹாஜியாரின் உதிரிப்பாகக் கடை. வெள்ளைத் தொப்பி, மூக்கு நுனியில் கண்ணாடி. கூரைவரை பெட்டிகள்.

"ஒரிஜினல் பம்ப் இரிக்கா ஹாஜியார்?" என்று கேட்டேன்.

"தங்கச்சி, இந்த வானைச் செஞ்சவனுக்கே இது இப்ப மறந்து போயிருக்கும். ஒரிஜினலுக்கு எங்க போற? வேற கம்பனி சாமான்தான் இரிக்கி. சைனாவில செஞ்சது. உங்கட பழைய பம்பை விடக் கட்டை. அளவு பாத்து இருத்தினா ஓடும்."

எரிந்த பம்பையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் அளந்தார். பிறகு ஒரு தண்ணீர்ப் பேசினில் மண்ணெண்ணெய் ஊற்றி, புதிய பம்பை அதற்குள் அமிழ்த்தி, பற்றரி வயரைத் தொட்டார். பம்ப் இரைந்தது. எண்ணெய் மறுமுனையால் சீறிப் பாய்ந்து அவர் சட்டையை நனைத்தது.

"சத்தத்தக் கேட்டுக்கங்க. கொண்டு போன பொறகு திருப்பி எடுக்கமாட்டன்" என்று சுவரில் தொங்கிய பலகையைக் காட்டினார். கரண்ட் சாமான்கள் திருப்பி எடுக்கப்படமாட்டா என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. சாமான் விற்கிற எல்லாக் கடையிலும் இந்தப் பலகை உண்டு. தப்புச் சொல்ல முடியாது. பிழையாகப் பூட்டி எரித்துவிட்டுக் கொண்டுவந்து கொடுப்பவர்கள் அவ்வளவு பேர்.

எந்த நாட்டுச் சாமான்?

பம்பைக் கொண்டுவந்து காட்டினேன். கட்டிலில் படுத்திருந்தவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொப்பி அடிச்ச சாமானா? என்ட வானுக்குள்ள நான் ஒரு நாளும் இதைப் போட்டதில்ல. இதைப் பூட்டினா நான் ஏறமாட்டன்."

"ஏறமாட்டீங்களா?"

"ஏறமாட்டன். வான் செத்துப் போச்சி, விடு பூமணி. எனக்கும் போதும்."

அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது.

"ஆஸ்பத்திரியில உங்கட இரத்தம் ஓடுற குழாய் எந்த நாட்டுச் சாமான்? இரத்தத்த வடிக்கிற அந்த வடி எந்த நாட்டுச் சாமான்? ஒரு நாளாவது நேர்ஸ் மிஸ்ஸிட்டக் கேட்டீங்களா? உங்கட ஒரிஜினல் ரெண்டும் எப்பவோ போயிட்டு. வெளிச் சாமான்லதானே இவ்வளவு காலமும் ஓடுறீங்க? வானுக்கு மட்டும் என்ன பெரிய மானம்?"

சொல்லி முடித்ததும் பயந்துபோனேன். நோயாளியிடம் பேசுகிற பேச்சா அது? அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வயிறு குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். மாதக்கணக்கில் நான் கேளாத சிரிப்பு.

"சரி, பூட்டச் சொல்லு. இந்த வெள்ளிக்கிழமை மட்டும் போறன். அதுக்கிள்ள இது நிண்டா, மறுகா என்னைக் கேக்கப்படாது. சொல்லிட்டன்."

ஒப்பந்தம் அதுதான். பம்ப் நின்றால் எல்லாம் நின்றது.

வியாழக்கிழமை யோகன், முதல் நாள் இறக்கி வைத்த டாங்கிக்குள் எங்கள் முற்றத்திலேயே புதிய பம்பைப் பூட்டத் தொடங்கினான். வெறும் டாங்கி, அதனால் சுமை இல்லை என்று சந்தோஷப்பட்டான். புதிய பம்பின் வயர் முனை பழைய சொக்கற்றுக்குப் பொருந்தவில்லை. வெட்டி ஒட்டினான். பம்ப் கட்டையாக இருந்ததால் பழைய குழாய் எட்டவில்லை. தன் பெட்டியிலிருந்து ஒரு துண்டுக் குழாயை அளவாக வெட்டிப் பூட்டி இறுக்கினான். பின்னேரம் கானில் பெற்றோல் கொண்டுவந்து ஊற்றியதும் வான் பிடித்தது. நான் ஊருக்குள் ஒரு வட்டம் ஓடிவந்து நிறுத்தினேன். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை

காலையில் மெத்தையைத் தட்டிப் போட்டுவிட்டு, வானை வாசலுக்கு எடுக்கத் திறப்பைத் திருப்பினேன். பிடித்தது. பின்னுக்கு எடுத்தேன். இருமிற்று. நின்றது.

திரும்பவும் திருப்பினேன். எஞ்சின் வெறுமனே சுற்றியது.

உள்ளேயிருந்து இவர் "பாத்தியா" என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் வானின் படியில் குந்திக்கொண்டு அழுதேன். ஒளிக்கவில்லை, நன்றாக அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு யோகனுக்குப் போன் அடித்தேன்.

அவன் வந்து டாங்கியைத் திறந்து பம்பை வெளியே எடுத்தான். "நான் சொன்னன்தானே அக்கா, சைனாச் சாமான்" என்றான். அவன் அப்படி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஹாஜியாருக்குக் கோல் எடுத்து, எனக்கும் கேட்கும்படி வைத்தான்.

"ஹாஜியார், உங்கட பம்ப் செத்துட்டு."

"செத்துட்டா? வாளியில எண்ணெய் ஊத்தி அமிழ்த்திப் பாரு. நான் கேக்கிறன்."

வாளிக்குள் பம்ப் இரைந்தது. கடையில் கேட்ட அதே சத்தம். போனுக்குள்ளால் ஹாஜியாருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"பம்ப் சாகல்ல மகன். நீ அதுக்கு மேல என்ன குழாய் பூட்டின?"

யோகன் என்னைப் பார்த்தான். பிறகு குழாயைப் பார்த்தான். "போட் எஞ்சினுக்குப் போடுற குழாய்."

இதைச் சொல்ல வேண்டும். எங்கள் கடற்கரைப் பக்கத்தில் போட் குழாய் இல்லாத வீடு இல்லை. மீன்பிடி போட்டுக்கு எண்ணெய் போகிற அந்தக் குழாயால்தான் நாங்கள் தண்ணீர்ப் பைப்பைப் பூட்டுவோம், காஸ் அடுப்பைப் பூட்டுவோம், கொடிக் கம்பியில் சட்டை கறைபடாமல் சுற்றிவிடுவோம். யோகனுக்கும் கை தானாக அதற்குத்தான் போயிருக்கிறது.

"அது உள்ளுக்குப் பெற்றோல் போனாத் தாங்கும். முழுசாப் பெற்றோலுக்குள்ள ஊறினாத் தாங்காது" என்றார் ஹாஜியார். "இப்ப ஊதிப் போயிருக்குமே? தொட்டுப் பாரு."

குழாய் தண்ணீரில் ஊறிய பாண் ரொட்டிபோலத் தொளதொளவென்று கிடந்தது. பம்ப் வாயிலிருந்து கழன்று போயிருந்தது. பம்ப் பாவம், இரைந்து இரைந்து டாங்கிக்குள்ளேயே பெற்றோலை ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

"ஊற வைக்கிற குழாய் வேற. என்ட கடையில இரிக்கி" என்றார். "ஆனா இண்டைக்கு வெள்ளிக்கிழமை. கடை பூட்டு."

நான் போனைப் பறித்தேன். என்ன சொன்னேன் என்று முழுக்க நினைவில்லை. இவரைப் பற்றிச் சொன்னேன். இன்றைக்குப் போகாவிட்டால் இனிப் போகமாட்டார் என்று சொன்னேன்.

"அழாதீங்க தங்கச்சி. நான் வீட்ட இருந்து போய்க் கடையத் திறக்கிறன். கல்முனை பஸ்ஸில குடுத்து விடுறன். றோட்டுல போய் நில்லுங்க."

ஆருக்குச் சாமான்?

எங்கள் பக்கத்தில் பஸ் என்பது ஆள் ஏற்றுவதற்கு மட்டும் இல்லை. மருந்து, சாரி பிளவுஸ், சோற்றுப் பார்சல், பள்ளிக்கூடத்தில் மறந்துவிட்டு வந்த கொப்பி எல்லாம் கொண்டக்டர் கையில் வந்து சேரும். ஆனால் கல்முனை பஸ்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடுகிறவை. நான் பிரதான வீதியில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பஸ் வந்தது. குடையை ஆட்டினேன். நிற்காமல் புழுதியை அள்ளி வீசிவிட்டுப் போனது. அதில்தான் வந்து போய்விட்டதோ என்று அது மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த பஸ் தூரத்திலேயே ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. மீசைக்காரக் கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு, பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை உயர்த்திக் காட்டினார்.

"ஹாஜியார்ட சாமான்! வான்கார அம்மா நீங்களா?"

"ஓம், நான்தான்!"

பஸ் நின்றது. ஜன்னல்களில் முகங்கள். ஹாஜியார் கொண்டக்டரிடம் சொல்லியிருக்கிறார். கொண்டக்டர் பஸ்ஸுக்கே சொல்லியிருக்கிறார். முன் சீற்றில் இருந்த ஒரு முஸ்லிம் பெண் தலையை வெளியே நீட்டி, "கெதியாப் போங்க கா, அவரக் கூட்டிட்டுப் போங்க" என்றார். யார் என்று இன்றுவரை தெரியாது. அவருக்கு என் மனம் நிறைந்த நன்றி. அந்தப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு முழம்கூட இல்லாத குழாய்க்காக, இந்த வயதில் வீடுவரை ஓடினேன்.

யோகன் அன்றைக்கு முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு வேலை செய்தான். பூட்டி முடித்ததும், "ஹாஜியாருக்குச் சொல்லுங்க, பம்ப் நல்ல பம்ப் எண்டு" என்றான்.

இதை ஹாஜியாரிடம் சொல்ல அடுத்த கிழமை கடைக்குப் போனேன். நன்றி சொல்லத் தொடங்கினேன், கண் கலங்கிவிட்டது. அவர் சங்கடப்பட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். "அது அல்லாஹ்ட உதவி தங்கச்சி. வந்ததுதான் வந்தீங்க, உங்கட வைப்பர் ரெண்டும் தேஞ்சி கிடக்கு, மாரி வருது" என்றார். இரண்டு வைப்பரும் வாங்கிக்கொண்டு வந்தேன். அவையும் வேறு கம்பனிச் சாமான்தான்.

களுவாஞ்சிகுடி ஷெட்டில்

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். வான் பிடித்ததும் உள்ளே போய் இவர் முன்னால் நின்றேன். அவர் இடுப்பில் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, என் தோளைப் பிடித்து எழுந்து வந்து மெத்தையில் படுத்தார். பிழை குழாயில்தான், பம்ப் நிற்கவில்லை என்றபடியால் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வருகிறார், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த செவ்வாயை எப்படித் தாண்டுவது என்று தெரியவில்லை.

குழாய் ஊறிய பெற்றோலை யோகன் வடித்துக் கொட்டிவிட்டதால், டாங்கி கழுவித் துடைத்த பாத்திரமாகக் கிடந்தது. யோகன் ஊற்றிய போத்தல் பெற்றோலோடு களுவாஞ்சிகுடி ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். பம்புக்காக அரை டாங்கியாவது அடிக்க வேண்டும் என்று யோகன் சொல்லித்தான் விட்டிருந்தான். ஆனால் நோய் வந்த பிறகு ஷெட்டில் இவர் வழக்கமாகச் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "போய் வர மட்டும் அடி. மிச்சம் ஆருக்கு?" அன்றைக்கும் அதைக் கேட்கத் தைரியம் இல்லாமல், ஷெட்காரரிடம் நானே மெதுவாகச் சொல்லிவிடலாம் என்று கண்ணாடியை இறக்கினேன்.

பின்னாலிருந்து குரல் வந்தது.

"நிரப்பச் சொல்லு."

திரும்பிப் பார்த்தேன். முழங்கையை ஊன்றித் தலையை உயர்த்தியிருந்தார்.

"நிரப்பவா? அவ்வளவும் என்னத்துக்கு?" என்று வேண்டுமென்றே கேட்டேன்.

"என்னத்துக்கெண்டா? செவ்வாய்க்கிழமையும் போகோணும், வெள்ளிக்கிழமையும் போகோணும். ஒவ்வொருக்காவும் இஞ்ச வந்து நிக்க ஏலுமா?" என்று எரிந்து விழுந்தார்.

நான் இறங்கிப் போய் டாங்கி மூடியை என் கையாலேயே திறந்துவிட்டேன்.